சிவப்புப் பொட்டு அழிந்த கதை

சிவப்பு என்றால் எங்கள் மயிலாப்பூரில் மங்களந்தான். நெற்றியில் குங்குமம், வாசலில் கோலத்தைச் சுற்றிச் செம்மண், கோயில் மதிலில் காவிப் பட்டை. இந்தச் சிவப்புக்கு ஓர் ஆகாயப் படையே பயந்த காலம் உண்டு என்று சொன்னால் நம்புவீர்களா? எனக்கே அது சென்ற மாதந்தான் தெரிந்தது.

என் பேரன் பொம்மை விமானம் செய்கிறவன். பொம்மை என்றால் அவனுக்குக் கோபம் வரும். 'மாடல்' என்று சொல்லவேண்டும். நிஜத்தில் 40 அடி இறக்கை விரித்த ஹரிக்கேன் என்ற யுத்த விமானம், 72-ல் ஒரு பங்காகச் சுருங்கி, ஒரு சாணுக்கும் குறைவாக என் எழுது மேஜையில் உட்கார்ந்திருந்தது. முதுகில் பச்சையும் மண் பழுப்பும் பூசியாயிற்று. வட்டச் சின்னம்தான் பாக்கி. பெட்டியின் மேலிருந்த படத்தில் நீல வட்டம், அதற்குள் வெள்ளை, நடுவில் சிவப்பு. உதவி செய்கிற உற்சாகத்தில் நான் தூரிகையைச் சிவப்பில் தோய்த்தேன்.

"ஐயோ தாத்தா, சிவப்பு கூடாது! இது 1944-ல் இம்பாலில் இருந்த நம்ம விமானம்!" என்று கையைப் பிடித்துக்கொண்டான்.

"சிவப்பு என்னடா பாவம் செய்தது?" என்றேன். அவன் சொன்னதைக் கேட்டபின், புத்தகங்களைப் புரட்டாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஜப்பானிய விமானத்தின் சின்னம் உதய சூரியன். வெறும் சிவப்பு வட்டம். பிரிட்டிஷ் விமானத்திலும், அதே சின்னத்தைத் தாங்கிய நம் விமானத்திலும் நடுவே சிவப்புப் பொட்டு. பறக்கிற வேகத்தில், தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு நீலம் மங்கிவிடும். சிவப்பு மட்டும் கண்ணைக் குத்தும். யோசிக்க இரண்டு விநாடி கூடக் கிடையாது. விரல் விசையை அழுத்திவிடும். நிறத்தில் குழப்பம் இல்லாதபோதே இப்படி நேர்ந்ததுண்டு. 1939 செப்டம்பர் 6-ஆம் தேதி, யுத்தம் தொடங்கிய மூன்றாம் நாள், இங்கிலாந்தின் ஸ்பிட்ஃபயர் விமானங்கள் இங்கிலாந்தின் ஹரிக்கேன்கள் இரண்டையே சுட்டு வீழ்த்தின. ஒரு விமானி மாண்டார்.

ஆகையால் 1942-ல் சிவப்புக்குப் பிரஷ்டம் விதித்தார்கள். அமெரிக்கர் தங்கள் நட்சத்திரத்தின் நடுவிலிருந்த சிவப்பை அழித்தார்கள், ஆஸ்திரேலியரும் அழித்தார்கள், இந்தியாவிலும் அழிந்தது. பொட்டு அழிந்த இடத்தில் வெறும் வெள்ளை நின்றால், அது பசுங்காட்டின் மேல் வெகுதூரம் பளிச்சென்று காட்டிக் கொடுக்கும். எனவே அந்த வெள்ளையிலும் கொஞ்சம் நீலத்தைக் கலந்தார்கள். கருநீலத்துக்குள் வெளிர் நீலம்! அர்ஜன் சிங்கின் தலைமையில் இம்பாலில் போரிட்ட முதலாம் ஸ்குவாட்ரனின் ஹரிக்கேன்கள் தரித்த சின்னம் அதுதான். 1965 யுத்தத்தில் நம் விமானப் படைக்குத் தலைவராக இருந்தவரும் அதே அர்ஜன் சிங். அப்போதும் வர்ணம் விடவில்லை! வெள்ளியாய் மின்னிக்கொண்டிருந்த விமானங்களுக்கு அவசர அவசரமாகப் பச்சையும் பழுப்பும் பூசவேண்டியிருந்தது.

இதையெல்லாம் படித்தபோது, காலமாகிவிட்ட என் தகப்பனாரின் நினைவு வந்தது. 1942 ஏப்ரல் 5-ஆம் தேதி கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. அடுத்தது சென்னைதான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. ஹைகோர்ட்டே கோயமுத்தூருக்கு மூட்டை கட்டியது. மயிலாப்பூரில் வீட்டுக்கு வீடு பூட்டு. என் தாயாரைக் கும்பகோணத்துக்கு ரயிலேற்றிவிட்டு, உத்தியோகத்துக்காக அப்பா மட்டும் இங்கே தங்கினார். "விமானச் சத்தம் கேட்டால் மொட்டை மாடிக்கு ஓடுவேன். இறக்கையிலே சிவப்பு தெரிகிறதா என்று பார்ப்பேன்" என்று அவர் சொல்லிச் சிரிப்பதுண்டு.

நானும் கூடவே சிரித்திருக்கிறேன். இப்போதுதான் உறைக்கிறது: அந்த ஏப்ரலில் நம் இறக்கையிலும் சிவப்பு இருந்ததே! எதைக் கண்டு அவர் பயந்தார்? எதைக் கண்டு தைரியம் கொண்டார்? கேட்க நினைக்கும்போது பதில் சொல்ல அவர் இல்லை.

சுதந்திரத்துக்குப் பின் அசோக சக்கரம் கொஞ்ச காலம் விமானத்தின் சின்னமாக இருந்தது. பிறகு வெளியே காவி, அடுத்து வெள்ளை, நடுவில் பச்சை என்று மூவர்ண வட்டம் வந்தது, இன்றும் அதுவே.

பேரன் ஒரு கிண்ணத்தில் வெள்ளையை ஊற்றி, ஒரே ஒரு சொட்டு நீலம் விட்டுக் கலக்கினான்.

"போதுமா, தாத்தா?"

"இன்னும் ஒரு சொட்டு விடு. தப்பாகப் பார்த்து யாராவது சுட்டுவிடப் போகிறான்" என்றேன்.

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.