சிறிய இரயில், பெரிய வரலாறு



விளையாட்டுப் பொருளாகத் தோன்றும் மாதிரி இரயிலும் வரலாற்றுப் பாடமாகும். ஜப்பானின் ‘ட்சுபாமே’ விரைவு இரயிலின் மாதிரி அதற்கு நல்ல சான்று.

ஜப்பானின் குறும்பாதை இரயில்கள் பெரும்பாலும் 1:150 அளவில், 9 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் மாதிரிகளாகச் செய்யப்படுகின்றன. உண்மைப் பாதையின் அகலம் 1067 மி.மீ.; அதை 150ஆல் வகுத்தால் ஏறக்குறைய 7 மி.மீ. தான் வரும். பிறநாட்டு மாதிரிகள் ஓடும் தண்டவாளமே போதும் என்பதற்காக இவ்வேறுபாடு ஏற்கப்பட்டது. விகிதம் கற்பிக்க நல்ல கணக்கு இது.

‘ட்சுபாமே’ என்பது தகைவிலான் குருவியின் பெயர். 1930 அக்டோபரில் தோக்கியோவுக்கும் கோபேக்கும் இடையே 9 மணி நேரப் பயணமாக இவ்விரயில் தொடங்கியது. போரின் நெருக்கடியால் 1943 அக்டோபரில் நிறுத்தப்பட்டது.

அதே மாதத்தில்தான் ஜப்பானிய இராணுவம் அமைத்த 415 கி.மீ. சயாம்–பர்மா இரயில் பாதை இணைக்கப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே மாண்டனர். நம் முன்னோர் அதனை மரண இரயில் என்றனர்.

போருக்குப் பின், 1949 செப்டம்பரில் தோக்கியோ–ஒசாகா விரைவு இரயில் ‘ஹெய்வா’ என்ற பெயரில் மீண்டும் ஓடியது. அச்சொல்லின் பொருள் ‘அமைதி’. 1950 ஜனவரியில் பழைய குருவிப் பெயரே திரும்பியது.

மாதிரியின் கடைசிப் பெட்டியில் உள்ள குருவிச் சின்னத்தைப் பிள்ளைகள் வியந்து பார்க்கட்டும். அது நின்றுபோன ஆண்டையும், அவ்வாண்டில் நம்மவர் பட்ட துயரையும் சேர்த்தே சொல்லிக் கொடுப்போம். அழகை மட்டும் காட்டினால் வரலாறு பாதியே ஆகும்.