கம்போடியா என்ற பெயரில்

அமெரிக்கா உலக வல்லரசான ஆண்டு எது என்று கேட்டால் வரலாற்று நூல்கள் 1898ஐக் காட்டும். ஸ்பெயினுடன் சில மாதங்களே நடந்த போரின் முடிவில் பிலிப்பைன்ஸ், புவர்ட்டோ ரிக்கோ, குவாம் ஆகியவை கைமாறின. ஹவாயும் அதே ஆண்டில் இணைக்கப்பட்டது. போர்க்கப்பல்களை எண்ணி வரலாறு எழுதுவோருக்கு அது போதும். காங்கேயத்துச் செம்மண்ணில் நின்று பார்த்தால் கணக்கு இன்னும் முன்னால் தொடங்குகிறது.

அமெரிக்கத் தென்மாநிலங்களில் அடிமைகள் பறித்த பருத்திதான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் லங்காஷயர் ஆலைகளை ஓட்டியது. அவற்றின் தேவையில் ஏறக்குறைய முக்கால் பங்கு அங்கிருந்து வந்தது. அந்தப் பிடியைத் தளர்த்தவே கிழக்கிந்தியக் கம்பெனி 1840இல் அமெரிக்கத் தோட்டக்காரர்கள் பத்துப் பேரைச் சம்பளத்துக்கு அமர்த்தி இந்தியாவுக்கு அழைத்துவந்தது. சென்னை மாகாணத்தில் சோதனைக்களம் கோயம்புத்தூர். காங்கேயம் அன்று அந்த மாவட்டத்தைச் சேர்ந்தது. 1842 முதல் பொறுப்பேற்றவர் தாவரவியலாளர் ராபர்ட் வைட். நம் தாவரங்களைப் படங்களோடு பதிவுசெய்த அதே வைட்தான். பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்தும் குடியானவர்கள் அமெரிக்கப் பருத்தியை ஏற்கவில்லை. 1853இல் அவர் ஊர் திரும்பினார்.

இதைக் குடியானவரின் பிடிவாதமாகக் கருதுவதில் எனக்கு உடன்பாடில்லை. உப்பமும் நாடமும் குட்டையிழைப் பருத்திகள்தாம். ஆனால் மழை பொய்த்த ஆண்டிலும் அவை கொஞ்சம் காய்க்கும். நீண்ட இழையால் பயனடைவது மான்செஸ்டர். பயிர் கருகினால் கடனாளியாவது நம்மவர்.

1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டதும் இந்தியப் பருத்திக்குப் பெரும் விலை கிடைத்தது. 1865இல் போர் ஓய்ந்தது, விலையும் சரிந்தது. அந்நாடு கடல்கடந்து ஒரு தீவைக்கூடப் போரில் வென்றிராத காலம் அது.

பிறகு அந்தச் செடி வேறு வழியாக வந்து சேர்ந்தது. 1905ஐ ஒட்டி இந்தோசீனாவிலிருந்து வந்த விதைக்குக் கம்போடியா என்று பெயர். தாவர இனமோ அமெரிக்கத் தென்மாநிலங்களில் விளைந்த அதே இனம். கம்பெனி அதிகாரம் பத்தாண்டுகளில் சாதிக்காததை இந்தப் பெயர்மாறிய விதை சாதித்தது. காரணம் தண்ணீர். கொங்குநாட்டுத் தோட்டங்களில் கிணறுகள் பெருகியிருந்தன. கவலை இறைக்கக் காங்கேயம் காளைகள் இருந்தன. (காளைகளைப் புகழும்போது அவை யாருடைய பயிருக்குத் தண்ணீர் இறைத்தன என்பதை நாம் சொல்வதில்லை.) பின்னாளில் கோவையில் உருவாக்கப்பட்ட ரகங்களின் பெயர் எம்.சி.யு.: மெட்ராஸ், கம்போடியா, உகாண்டா. அமெரிக்காவின் பெயர் அதில் இல்லை.

2025 ஆகஸ்ட் 19 முதல் இந்திய அரசு பஞ்சு மீதான 11 சதவீத இறக்குமதி வரியைத் தற்காலிகமாக நீக்கியது. அமெரிக்கப் பஞ்சும் வரியின்றி இறங்கியது. எட்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 27 அன்று, திருப்பூர் பின்னலாடை உள்ளிட்ட இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்காவின் கூடுதல் வரி 50 சதவீதமாக உயர்ந்தது.