மார்புப் புற்றுநோயும் ஒரு பழைய கொள்கையின் வீழ்ச்சியும்

மார்புப் புற்றுநோய்க்கு மார்பை முழுதாக அகற்றுதலே வழியெனப் பலர் இன்றும் அஞ்சுகின்றனர். இவ்வச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

அமெரிக்கச் சத்திரவைத்தியர் வில்லியம் ஹால்ஸ்ரெட், மார்பையும் அதன் கீழுள்ள தசைகளையும் அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் ஒருங்கே அகற்றும் முறையை 1894ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். நோய் மார்பிலிருந்து படிப்படியாகவே பரவும். ஆதலின் அகற்றும் அளவு மிகுந்தால் உயிர் காக்கப்படும் என்பது அக்காலத்தார் துணிபு. பல்லாண்டுகள் இம்முறையே மேலோங்கி நின்றது. உயிர் தப்பியோருட் பலர் கை வீக்கத்தாலும் நெஞ்சின் உருக்குலைவாலும் வருந்தினர்.

பேணாட் பிஷர் என்னும் அமெரிக்க வைத்தியர் இத்துணிபை ஐயுற்றார். நோய்க்கலங்கள் தொடக்கத்திலேயே குருதிவழி பரவக்கூடும் என்பது அவர் கருத்து. நான்கு சென்ரிமீற்றருக்கு மேற்படாத கட்டியுடைய பெண்களிடையே 1976இல் அவர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். 1,851 பெண்களைப் பற்றிய இருபதாண்டு முடிவு 2002இல் வெளியாயிற்று. கட்டியை மட்டும் அகற்றப்பெற்றோரும் முழு மார்பையும் இழந்தோரும் ஒத்த அளவிலேயே உயிர் வாழ்ந்தனர். கட்டியை அகற்றியபின் அளித்த கதிர்ச்சிகிச்சை, அம்மார்பில் நோய் மீளுதலைக் குறைத்தது.

சில நிலைகளில் முழு மார்பையும் அகற்றல் இன்றும் வேண்டப்படும். எனினும், கட்டி சிறிதாயிருக்கையில் வைத்தியரை நாடுவோர் பலர்க்கு மார்பைக் காக்கும் வழியுண்டு. கொள்கை வீழ்ந்தும் அது விளைத்த அச்சம் வீழ்ந்திலது. அவ்வச்சத்தால் தாழ்த்தும் காலமே நோய்க்குத் துணையாகின்றது.