கல்நார் கூரை: கை வைக்கும் முன் கணக்கெடுங்கள்

2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களைச் சூறையாடிச் சென்ற பிறகு, பாதிக்கப்பட்ட ஊர்களில் எங்கு திரும்பினாலும் உடைந்த சிமெண்ட் ஷீட் துண்டுகள் கிடந்தன. நாம் அவற்றைக் குப்பையாக மட்டுமே பார்த்தோம்.

அந்தச் சாம்பல் நிற ஷீட்டை "ஆஸ்பெஸ்டாஸ்" என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் அது ஷீட்டின் பெயரல்ல. சிமெண்டுடன் கலக்கப்படும் கனிம நாரின் பெயர். தமிழில் கல்நார். வெள்ளை, பழுப்பு, நீலம் ஆகிய வகைகளே அதிகம் பயன்பட்டவை. நம் கூரை ஷீட்டுகளில் இருப்பது வெள்ளை. ஷீட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் நார், மீதி சிமெண்ட். நார் சிமெண்டுக்குள் இறுகிக் கிடக்கும் வரை பெரிய ஆபத்தில்லை. அறுக்கும்போதும், துளையிடும்போதும், உடைக்கும்போதும், தேய்க்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத இழைகளாகப் பறந்து நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடுகிறது.

நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் மீசோதீலியோமா, நுரையீரல் இறுகிப்போகும் ஆஸ்பெஸ்டோசிஸ் ஆகியவை இதனால் வருகின்றன. நோய் வெளிப்பட 20 முதல் 40 ஆண்டுகள் வரை ஆகலாம். 25 வயதில் ஷீட் அறுத்தவர் 60 வயதில் இருமும்போது யாரும் அந்த ஷீட்டை நினைப்பதில்லை. புகைப்பவருக்கு ஆபத்து பன்மடங்கு. எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. பிரிட்டன் 1999-இல் வெள்ளைக் கல்நாரையும் தடை செய்துவிட்டது. இந்தியாவில் ஷீட் விற்பனைக்குத் தடையில்லை. நார் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகிறது. கல்நார் தொழிலாளர்களின் மருத்துவப் பதிவேட்டை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 1995-லேயே சொன்னது. ஆலைக்கு வெளியே ஷீட்டை அறுக்கும் கொத்தனாருக்கு எந்தப் பதிவேடும் கிடையாது.

கணக்கெடுப்பது எப்படி?

பிரிட்டனில் பொதுக் கட்டடங்களின் பொறுப்பாளர்கள் கல்நார் எங்கே இருக்கிறது என்று கண்டறிந்து பதிவேடு வைப்பது சட்டக் கடமை. அங்கே ஆய்வு இருவகை. ஒன்று, கட்டடம் வழக்கம்போல் பயன்பாட்டில் இருக்கும்போது செய்வது. மற்றொன்று, இடிப்பதற்கோ புதுப்பிப்பதற்கோ முன்பு சுவர், கூரைக்குள்ளும் துருவிப் பார்ப்பது. நமக்கு அப்படிச் சட்டம் இல்லை. ஆனாலும் ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் முதல் வகையை ஒரு ஜமாஅத் நிர்வாகமே தொடங்கிவிடலாம்.

பள்ளிவாசல் மாடிக் கொட்டகை, மதரஸா வகுப்பறை, ஹவுளின் மேல் கூரை, சந்தூக் வைக்கும் அறை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். கூரையோடு நிற்க வேண்டாம். பழைய மழைநீர்க் குழாய், தண்ணீர்த் தொட்டி, தடுப்புப் பலகை, ஜெனரேட்டர் புகைக்குழாயில் சுற்றிய கயிறு ஆகியவற்றிலும் கல்நார் இருக்கலாம். ஷீட்டில் அச்சு அழியாமல் இருந்தால் ஐ.எஸ். எண்ணைத் தேடுங்கள். 459 என்றால் கல்நார் சிமெண்ட். 14871 என்பது கல்நார் கலக்காத நார் சிமெண்டுக்கான தரம். அச்சு இல்லையென்றால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆய்வகத்தில் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். இல்லையேல் கல்நார் இருப்பதாகவே வைத்துக்கொள்ள வேண்டும். செலவில்லாத வழி இரண்டாவதுதான்.

பிரிட்டிஷ் முறையில் பொருளின் தன்மை, சேதம், மேற்பரப்பு, நார் வகை என நான்குக்கு மதிப்பெண் தருவார்கள், மொத்தம் 12. பத்தும் அதற்கு மேலும் அதிக ஆபத்து. முழுசாக இருக்கும் கூரை ஷீட்டுக்கு 3 வரும். மோசமாக உடைந்திருந்தாலும் 6-ஐத் தாண்டாது. கொதிகலன் குழாயில் பூசிய பழைய கல்நார் உறை எளிதில் 10-ஐத் தொடும். மதிப்பெண் குறைவு என்று நிம்மதியாகிவிடக் கூடாது. கூரையின் கீழ் இருப்பது யார், எத்தனை மணி நேரம், யார் கை அதில் படுகிறது என்பதைத் தனியாகப் பார்க்கச் சொல்கிறது அதே முறை. பிள்ளைகள் ஓதும் அறையில் மின்விசிறி மாட்ட எலக்ட்ரீஷியன் ஷீட்டில் ட்ரில் போடுகிறார் என்றால், அந்த 3-க்கு அர்த்தமே இல்லை.

சேதமில்லாத ஷீட்டை அவசரப்பட்டுக் கழற்ற வேண்டாம். பெயிண்ட் அடித்து, ஆண்டுக்கொரு முறை பார்த்து, பதிவேட்டில் எழுதினால் போதும். மழைக்கு முன் பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பதும், பிரஷர் பம்பால் அடிப்பதும் கூடவே கூடாது. எந்த வேலைக்கு ஆள் வந்தாலும் முதலில் அந்த நோட்டைக் காட்டுங்கள்.

கழற்றியே ஆக வேண்டுமென்றால்

ஷீட்டின் மேல் நேராக நடக்கக் கூடாது. புற்றுநோய்க்கு 30 ஆண்டு பிடிக்கும். ஷீட் உடைந்து கீழே விழ ஒரு நொடி போதும். பலகை போட்டு, ஷீட்டை நனைத்து, போல்ட்டைக் கையால் கழற்றி, உடைக்காமல் முழுசாக இறக்க வேண்டும். எஃப்.எஃப்.பி. 3 தர முகக்கவசம் தேவை. துணியும் சர்ஜிகல் மாஸ்க்கும் இதற்கு உதவாது. தாடி இருந்தால் அந்தக் கவசம் முகத்தில் ஒட்டாது. ஆகவே தாடி வைத்த சகோதரர்கள் இந்த வேலையில் இறங்காமல் இருப்பது நல்லது. தூசியைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள். வேலை உடையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம்.

இறக்கிய ஷீட்டை ஏலம் விடுவதும், வீடு கட்டும் ஏழைக் குடும்பத்துக்குக் கொடுப்பதும் நம் வழக்கம். நல்ல எண்ணத்தில்தான் கொடுக்கிறோம். ஆனால் பல ஆண்டு வெயிலிலும் மழையிலும் சிமெண்ட் அரித்து, நார் மேலே வந்திருக்கும். பழைய துளைகள் புதிய சட்டத்துக்குப் பொருந்தாது. மீண்டும் துளையிடுவார்கள், நீளத்தைக் குறைக்க அறுப்பார்கள். அதுவும் சின்னஞ்சிறு வீட்டில், பிள்ளைகள் பக்கத்தில் நிற்க. பள்ளிவாசலில் வேண்டாம் என்று நாம் கழற்றியதை அவர்கள் தலைக்கு மேல் வைப்பது தர்மமாகாது. அந்தக் குடும்பத்துக்குத் தகரமோ ஓடோ வாங்கிக் கொடுக்கலாம்.

பழைய ஷீட்டைக் கெட்டியான பாலித்தீனில் சுற்றி, டேப் ஒட்டி, "கல்நார், உடைக்காதீர்" என்று எழுதி வையுங்கள். குளத்திலோ சாலைப் பள்ளத்திலோ கொட்ட வேண்டாம். அபாயகரக் கழிவைப் புதைக்கும் மையம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்து மூலம் வழிகேட்டு அனுப்பலாம். எத்தனை ஷீட், எந்தத் தேதியில், எங்கே போனது என்பது அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கட்டும். அடுத்து வரும் நிர்வாகம் அதைக் கேட்கும்.