வாழைமர நோட்டு



நம் மார்சிலிங்கிற்குப் பக்கத்தில்தான் ஜொகூர் பாலம் இருக்கிறது. 1942 ஜனவரி 31ஆம் தேதி, பின்வாங்கி வந்த பிரிட்டிஷ் படை அதற்கு வெடி வைத்தது. பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. கூடவே புது நோட்டும் வந்தது. 10 வெள்ளி நோட்டில் வாழைமரப் படம் இருந்ததால் எல்லா நோட்டுக்கும் வாழைமர நோட்டு என்றே பேர் விழுந்துவிட்டது.

நாணயமே கிடையாது. 1 காசுகூடக் காகிதந்தான். வெள்ளைக்காரனும் 1940இல் சில்லறைத் தட்டுப்பாட்டுக்காக 10 காசு, 25 காசு நோட்டுகள் அடித்தவன்தான். 20 காசு நாணயம் புழங்கிய நாட்டில் 25 காசு நோட்டு, வேடிக்கை பாருங்கள்! ஆனால் அதற்குப் பின்னால் நாணய வாரியத்தின் கையிருப்பு இருந்தது. ஜப்பான் நோட்டுக்குப் பின்னால் இருந்தது துப்பாக்கி மட்டுமே.

‘கேட்டவுடன் பணம் தருவோம்’ என்று ஜப்பானிய அரசாங்கம் நோட்டின் மேலேயே வாக்குக் கொடுத்திருந்தது, அதுவும் இங்கிலீஷில்! யாரிடம் போய்க் கேட்பது? முதலில் வந்த வெள்ளி நோட்டுகளில் வரிசை எண் இருந்தது. பிறகு எண்ணை விட்டுவிட்டு வெறும் எழுத்தை மட்டும் போட்டு அடித்துத் தள்ளினார்கள். எண் இல்லாவிட்டால் எத்தனை நோட்டு வெளியே போனது என்று யாருக்குத் தெரியும்? கள்ள நோட்டு அடிப்பவனுக்கும் கொண்டாட்டம். கடைசியில் 1000 வெள்ளி நோட்டும் வந்தது. நோட்டு பெருகப் பெருக அரிசி எட்டாமல் போனது. ஜனங்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். நாளுக்கு ஒரு வெள்ளி கூலி என்று ஆசை காட்டித்தான் தோட்டத்து ஆட்களைச் சயாம் ரயில் பாதைக்கு ஏற்றிப் போனார்கள். வராதவர்களைப் பிடித்தும் போனார்கள். பல்லாயிரம் பேர் திரும்பவேயில்லை.

1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்து, ஜப்பான் நோட்டு செல்லாது, மாற்றியும் தரமாட்டோம் என்றார்கள். மன்னர் தலை போட்ட பழைய நோட்டை ஒளித்து வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். அந்தக் காலத்துக் கடன்களுக்குக்கூடப் பின்னால் சட்டம் போட்டு, எந்த மாதத்தில் என்ன மதிப்பு என்று அட்டவணை வகுத்தார்கள். தகரப் பெட்டியில் கூலியைச் சேர்த்து வைத்த பால்வெட்டுத் தொழிலாளிக்கு மட்டும் ஒரு காசும் இல்லை. இது என்ன நியாயம்?

மாணவர்களே, உங்கள் பாட்டியின் பெட்டியில் அந்த நோட்டு கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். ‘எம்’ என்ற எழுத்து மலாயாவைக் குறிக்கும். அது வெள்ளி நோட்டாயிருந்து, எழுத்தோடு எண்ணும் இருந்தால், ஆரம்பத்தில் அடித்தது.