எந்த ஆண்டின் கோயில்? மரபிடக் கல்வியில் மிகை மெய்ம்மை, 1997–2012

கண்முன் உள்ள காட்சியின்மேல் கணினிப் படத்தையோ தகவலையோ பொருத்திக் காட்டும் மிகை மெய்ம்மையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கருவியின் எடையைத்தான் கணக்கிடுகிறார்கள். முதுகில் சுமந்த கணினி சட்டைப்பைக்குள் வந்துவிட்ட கதை அது. மரபிடத்தில் நின்று கற்பவருக்கு அக்கருவி எதைக் காட்டியது, அவரிடம் எதைக் கேட்டது என்று தேடினால் வரலாறு அவ்வளவு நேர்க்கோட்டில் செல்லவில்லை.

1997இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் ஃபைனர் குழுவினர் உருவாக்கிய ‘டூரிங் மெஷின்’ வெட்டவெளிக்கான முன்னோடிக் கருவி. முதுகுப்பையில் கணினி, தலையில் ஊடுருவிப் பார்க்கும் திரை, கையில் இன்னொரு சிறு திரை. தொடக்கத்தில் அது வளாகக் கட்டடங்களுக்குப் பெயர் சொல்லியது, அவ்வளவுதான். 1999இல் இதழியல் பேராசிரியர் ஜான் பாவ்லிக்கும் சேர்ந்துகொள்ள, அவ்வளாகத்தின் 1968 மாணவர் போராட்டத்தை அது நடந்த இடத்திலேயே காட்டியது. வளாகம் எழுமுன் அங்கிருந்த ப்ளூமிங்டேல் மனநல விடுதியையும் எழுப்பிக் காட்டியது. பயனர் நிற்கும் இடத்தை அக்கருவி ஜிபிஎஸ் கொண்டு அறிந்தது; ஆனால் அப்போது ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை கலந்துவந்தது. 2000 மே மாதம் அது நீக்கப்படும்வரை, சாதாரணக் கருவி 100 மீட்டர் வரைகூடத் தடுமாறும்.

கிரேக்கத்தின் ஒலிம்பியாவில் சோதிக்கப்பட்ட ஐரோப்பியத் திட்டமான ‘ஆர்க்கியோகைடு’ (2000–2002) இடிபாடுகளின்மேல் கோயிலையே எழுப்பியது. கேமரா தன் இருப்பிடத்தைக் கணிக்க உதவும் அடையாள அட்டைகளைப் பாதுகாக்கப்பட்ட இடத்தில் நட முடியாது. எனவே முன்பே எடுத்துவைத்த படங்களோடு கேமராக் காட்சியை ஒப்பிட்டுப் பார்வைக் கோணத்தைக் கணித்தார்கள். அதற்கென்று குறித்த இடங்களில் நின்றால்தான் ஹீரா கோயில் முழுமையாகத் தெரியும்.

எந்த ஆண்டின் கோயில்? ஏறத்தாழ கி.மு. 600ஐச் சேர்ந்த அக்கோயிலின் தூண்கள் முதலில் மரத்தாலானவை, பழுதுபடப் பழுதுபட ஒவ்வொன்றாகக் கல்லுக்கு மாறின என்பது தொல்லியலாளர் பலரின் கருத்து. எஞ்சியுள்ள தூண்தலைகள் ஒன்றுபோல் இல்லாததே அதற்குச் சான்று. (நம் கோயில்களில் போதிகையைப் பார்த்துக் காலம் சொல்வார்களே, அதுபோல.) கி.பி. 2ஆம் நூற்றாண்டிலும் பின்புறத்தில் ஒரு கருவாலித் தூண் நின்றதாகப் பயணி பவுசானியஸ் எழுதியிருக்கிறார். ஒரே அச்சில் வார்த்த தூண்களோடு மின்னும் மறுகட்டமைப்பு, அக்கோயிலின் பல நூற்றாண்டுகளை ஒரே நாளாகச் சுருக்கிவிடும். தொழில்நுட்பத்தில் இது முன்னேற்றம். கல்வியில், ஒரே இடத்தின் வெவ்வேறு காலங்களைக் காட்டிய கொலம்பியா முயற்சியைவிடப் பின்தங்கியது என்பேன்.

கைபேசி வந்தபின் காட்டுவது எளிதாயிற்று. 2010இல் லண்டன் அருங்காட்சியகத்தின் ‘ஸ்ட்ரீட்மியூசியம்’ செயலி பழைய புகைப்படங்களை இன்றைய தெருக்களின்மேல் பொருத்தியது. 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில், இடிக்கப்பட்ட கட்டடங்களை அவை நின்ற வெற்று மனைகளிலேயே ‘சிட்டிவியூஏஆர்’ காட்டியது.

கற்றலுக்கு வலுவான சான்று கிடைத்ததோ, படம் பொருத்தாமல் இடத்தையும் கதையையும் மட்டும் நம்பிய விளையாட்டுகளிலிருந்து. ஆம்ஸ்டர்டாமில் மாணவர்கள் கைபேசியோடு இடைக்கால நகரைத் தேடியலைந்த ‘ஃப்ரீக்வன்சி 1550’ 2005இல் வந்தது. 458 மாணவரை வைத்துச் செய்து 2009இல் வெளியான ஆய்வில், வகுப்பறையில் படித்தவர்களைவிட விளையாடியவர்களுக்கு அந்நகரின் வரலாறு கூடுதலாகத் தெரிந்திருந்தது. வரலாற்றுப் பாடத்தின்மீதான ஆர்வத்தில் மட்டும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. புதுக்கருவி தந்தாலே பிள்ளைகளுக்கு ஆர்வம் வந்துவிடும் என்று பேசுவோர் இந்த இரண்டாம் முடிவைச் சொல்வதில்லை.

‘ஃப்ரீக்வன்சி 1550’ வந்த காலத்தையொட்டி கேரன் ஷ்ரையர் அமெரிக்காவின் லெக்சிங்டன் திடலுக்கு ஒரு விளையாட்டை வடிவமைத்தார். அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கிய 1775 ஏப்ரல் 19 அன்று அங்கே முதல் குண்டைச் சுட்டது யார்? வெவ்வேறு பாத்திரங்களை ஏற்றவர்களுக்கு வெவ்வேறு சாட்சியங்கள் கிடைத்தன; ஒன்றோடொன்று முரண்பட்ட அவற்றைக் கொண்டுவந்து வாதாட வேண்டும். கேள்விக்கான விடை அக்கருவியில் இல்லை. வரலாற்றாசிரியர்களிடமும் இன்றுவரை இல்லை.