கால் குடைச்சலுக்கும் ஒரு வரலாறு உண்டு



"டீச்சர், ஏதாவது வரலாறு எழுதுங்க" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். வீராணம் ஏரியைப் பற்றி எழுதியாயிற்று, சோழர்களைப் பற்றியும் எழுதியாயிற்று. இன்று நம் காலின் வரலாறு. சிரிக்காமல் கடைசி வரை படியுங்கள்.

சேத்தியாத்தோப்பு பக்கம் பல வீடுகளில் "ராத்திரி படுத்தா கால் குடையுது" என்று சொல்லும் ஒருவர் இருப்பார். நடவுக்குப் போய் வந்தவர், கரும்பு வெட்டியவர், நெய்வேலியில் நைட் ஷிப்டு பார்த்தவர் என்று யாராகவும் இருக்கலாம். "உழைச்ச கால் அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி முடித்துவிடுவோம். என் அம்மா கெண்டைக்காலில் பழைய புடவைத் துணியை இறுகக் கட்டிக்கொண்டுதான் படுப்பார். வலி இல்லை, உள்ளே ஏதோ ஊர்கிறது, காலை ஆட்டாமல் இருக்க முடியவில்லை என்பார். எழுந்து நடந்தால் அடங்கும், படுத்தால் மறுபடி வரும். வாயு என்றார்கள், மனக்கவலை என்றார்கள். அதற்கு ஒரு பெயர் உண்டு என்று யாரும் சொல்லவில்லை.

பெயர் வந்த கதையைக் கேளுங்கள். இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1672-ல் லத்தீன் மொழியில் ஒரு நூல் எழுதினார். படுத்தவுடன் கை கால்கள் துள்ளித் துடிப்பதால் தூங்கவே முடியாத நோயாளிகளைப் பற்றி அதில் குறிப்பிட்டார். மூளை, நரம்பு ஆராய்ச்சிக்கு அடித்தளம் போட்டவர்களில் அவர் ஒருவர். அவர் கையில் இருந்த மருந்து அபின் கலந்த மருந்துதான். அதன் பிறகு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் இதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1861-ல் ஜெர்மனியின் விட்மாக் இதை 'கால்களின் பதற்றம்' என்ற பொருளில் பெயரிட்டு, ஹிஸ்டீரியாவோடு சேர்த்துவிட்டார். அங்கேயும் மனசின் மேல்தான் பழி!

1945-ல் சுவீடன் நரம்பியல் மருத்துவர் கார்ல் ஆக்செல் எக்போம்தான் பல நோயாளிகளை முறையாக ஆராய்ந்து 'ரெஸ்ட்லெஸ் லெக்ஸ்', அதாவது ஓய்வறியாக் கால்கள், என்ற பெயரை நிலைநிறுத்தினார். இரத்தசோகை உள்ளவர்களிடமும் கர்ப்பிணிகளிடமும் இது அதிகம் என்று அந்தக் காலத்திலேயே கவனித்தார்கள். 1953-ல் அதே நாட்டின் நோர்ட்லாண்டர், இரும்புச்சத்தை ஊசி மூலம் இரத்தத்தில் செலுத்திப் பலருக்குக் குணம் கண்டார். இரத்தத்தில் இரும்பு சரியாக இருப்பதுபோல் தெரிந்தாலும் உடலின் உள்ளே குறைவாக இருக்கலாம் என்றும் சொன்னார்.

இரும்புக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்? மூளையில் டோபமைன் என்ற பொருள் உண்டு. உடல் அசைவை ஒழுங்குபடுத்துவதில் அதற்குப் பெரிய பங்கு. அதைத் தயாரிக்க இரும்பு வேண்டும். மாலைக்கு மேல் அதன் வேலை இயல்பாகவே மந்தமாகும். அதனால்தான் இந்தத் தொல்லை பகலில் பதுங்கி இரவில் பாய்கிறது.

இந்தக் கதையில் சென்னைக்கும் ஒரு இடம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் கூடத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் 1937-ல் பூனைக்காலி விதையிலிருந்து எல்-டோபா என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். வேலியோரம் படர்ந்து, பட்டால் அரிக்குமே, அதே பூனைக்காலிதான். உடலுக்குள் போனால் எல்-டோபா டோபமைனாக மாறும். அது பின்னாளில் பார்க்கின்சன் நோய்க்கு மருந்தாயிற்று. 1982-ல் துருக்கி மருத்துவர் அக்பினார் அதையே கால் குடைச்சலுக்குக் கொடுத்துப் பலன் கண்டு எழுதினார்.

உடனே நாட்டு மருந்துக் கடைக்கு ஓடிப் பூனைக்காலிப் பொடி வாங்காதீர்கள்! எல்-டோபாவைத் தினமும் எடுத்தால் நாளடைவில் குடைச்சல் மாலையிலேயே தொடங்கி, கைகளுக்கும் பரவக்கூடும். அதனால் இப்போது மருத்துவர்கள் முதலில் பார்ப்பது இரும்பைத்தான்.

வகுப்பில் வாரம் ஒரு நாள் நீல நிறச் சத்து மாத்திரை கொடுத்தோமே, நினைவிருக்கிறதா? யார் யார் ஜன்னல் வழியே எறிந்தீர்கள் என்று எனக்குத் தெரியும்! 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. எல்லோருக்கும் உணவு போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் பெண்களின் கதை இது. கால் குடைச்சலும் பெண்களிடம்தான் அதிகம்.

இந்த வார வீட்டுப்பாடம் இதுதான். வீட்டில் பெரியவர்களிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். காலை அசைத்தே தீரவேண்டும் போல் இருக்கிறதா? சும்மா இருக்கும்போது வருகிறதா? நடந்தால் குறைகிறதா? மாலையிலும் இரவிலும் கூடுகிறதா? நான்குக்கும் 'ஆமாம்' என்றால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஹீமோகுளோபினோடு நிறுத்தாமல் ஃபெரிட்டின் பரிசோதனையும் கேளுங்கள். அதுதான் உடலில் சேமிப்பில் உள்ள இரும்பின் கணக்கு. லேப் சீட்டில் 'நார்மல்' என்று இருந்தாலும், இந்தத் தொல்லை உள்ளவர்களுக்கு 75-க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து கொடுப்பதைப் பற்றி மருத்துவர்கள் யோசிப்பார்கள். பரிசோதிக்காமல் நீங்களாக மாத்திரை விழுங்க வேண்டாம், இரும்பு கூடினாலும் கெடுதல்தான். சிறுநீரகக் கோளாறு இருந்தாலும், சளி, அரிப்பு, வாந்திக்குச் சாப்பிடும் சில மாத்திரைகளாலும் இது கூடலாம். அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சாப்பிட்ட உடனே காபி, டீ குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

இது பரம்பரையாகவும் வரும். ஆகவே பாட்டிக்கு இருந்தால் பேத்தியையும் கேளுங்கள். மூன்று நூற்றாண்டுக்கு மேலாக மருத்துவர்கள் எழுதிவரும் ஒரு தொல்லையை, "சும்மா படு, எல்லாம் மனசுதான்" என்று இனியும் நாம் தள்ளிவிட வேண்டாம்.

கேட்டுப் பார்த்தவர்கள் கீழே எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.

நலமே விளைக.
என்றும் அன்புடன், உங்கள் டீச்சர்